பாதி வழியில் நிற்கும் வண்டி

வாரத்தில் மூன்று நாள் என் வீட்டுக்காரரை ஈப்போவில் உள்ள டயாலிசிஸ் நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். செவ்வாய், வியாழன், சனி. பகல் பன்னிரண்டு மணிக்கு அவருடைய நாற்காலி காலியாகும்; அப்போது நாங்கள் அங்கே இருக்க வேண்டும். எங்கள் வீடு சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, ரப்பர் தோட்டமாக இருந்து, செம்பனையாகி, கடைசியில் மலிவு வீட்டுக் குடியிருப்பாக, எங்கள் பேச்சில் தாமானாக, மாறிப்போன இடத்தில் இருக்கிறது. அங்கிருந்து அவரை ஏற்றிப் போவது எங்கள் கப்சாய். அந்தச் சின்ன மோட்டார் சைக்கிளுக்கு எங்கள் மகனைவிட வயது கூட. மகன் ஜொகூரில் வேலை செய்கிறான். வண்டிதான் எங்களோடு இருக்கிறது.

ஓட்டுவது நான். பெண்டாட்டி முன்னால், புருஷன் பின்னால். ஆரம்பத்தில் சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர்கள் எங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் கடைவீதியைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கு வெட்கமெல்லாம் இல்லை. சர்க்கரை முதலில் அவர் சிறுநீரகத்தைத் தின்றது, பிறகு கண்ணில் கை வைத்தது. எதிரே வரும் லோரி கறுப்பா சிவப்பா என்று தெரியாத மனிதரிடம் ஹேண்டிலைக் கொடுத்துவிட்டு நான் பின்னால் உட்கார்ந்து சாமி கும்பிடவா முடியும்?

ரிப்பேரும் என் தலையில்தான் விழுந்தது. பட்டறையில் விட்டால் பொமேன், அதுதான் எங்கள் ஊர் மெக்கானிக், நாளைக்கு வா, நாளை மறுநாள் வா என்பார். கிழட்டு வண்டியென்றால் கடைசி வரிசை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட வேண்டிய வண்டிக்கு அது சரிப்படாது. அதனால் சிமெண்டுத் தரையில் பழைய சாக்கை விரித்து நான் உட்காருவேன், அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லுவார். பிளக் மாற்றுவது, சங்கிலி இறுக்குவது, பிரேக் கட்டை, காப்ரேட்டர் கழுவுவது எல்லாம் அப்படித்தான் படித்தேன். படித்தேன் என்பதைவிடத் திட்டு வாங்கினேன் என்பது பொருத்தம். கழற்றும் திருகுகளை முட்டை அட்டையில் வரிசையாகப் போட்டு வைப்பேன். அவருக்கு அது பிடிக்காது. சமையல்காரி புத்தி என்பார். அவர் காலத்தில் எல்லாவற்றையும் ஒரே பிஸ்கட் டின்னில் கொட்டி வைத்து, பூட்டிய பிறகு இரண்டு திருகு மிச்சம் வைத்திருப்பார்.

அவர் கை வைக்கக் கூடாது என்பது என் சட்டம். ஊசி குத்துவதற்காக இடது கையில் ரத்தக் குழாயை ஆபரேஷன் செய்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கையில் அடி படக் கூடாது. மெஷினில் ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுப்பதால் சின்னக் கீறல் பட்டாலும் ரத்தம் நிற்காது. ஒரு தடவை சங்கிலியில் விரலைக் கொடுத்துவிட்டார். பனியன் நனைந்து, துண்டு நனைந்து, கடைசியில் கிளினிக்கில் போய்த்தான் நின்றது. அன்று நான் போட்ட சத்தம் தாமான் முழுக்கக் கேட்டிருக்கும். இனிமேல் ஸ்பானா, திருப்புளி எதையாவது தொட்டால் நான் மனுஷியாக இருக்க மாட்டேன் என்று சொன்னேன். இருபது வருஷம் பால்மரம் வெட்டிய மனிதர், கத்தியோடும் வாளியோடும் விடியுமுன் கிளம்பியவர், ஒரு திருகுக்குப் பெண்டாட்டியிடம் அனுமதி கேட்க வேண்டியதாகிவிட்டது. எனக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் ரத்தத்தைப் பார்த்தவள் நான்.

சீட்டுக்கு அடியில் இருக்கும் டாங்கியிலிருந்து பெட்ரோல் இறங்கும் டேப் கொஞ்ச நாளாக ஒழுகிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள்ளே சாம்பார் கொதித்தாலும் பெட்ரோல் வாசம்தான் வந்தது. டேப்புக்கும் டாங்கிக்கும் நடுவே உள்ள வாசர் வளையம் தேய்ந்திருக்க வேண்டும். சுங்கை சிப்புட் கடையில் கேட்டேன். இந்தப் பழைய வண்டிக்கு இப்போது வருவதில்லை, ஈப்போவில் தேடிப் பார் என்றார்கள். தேடலாம் என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு நாள் பார்த்தால் ஒழுகல் நின்றிருந்தது. விட்டது சனியன் என்று இருந்தேன். தானாக ஒழுகியது தானாக நிற்குமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். நான் கையுறை பேக்டரியில் இரவு ஷிப்ட் வேலை செய்கிறேன். காலையில் வந்து சோறு வடித்து, கொஞ்சம் கண்ணயர்ந்து, அவரைக் கிளப்புவதற்கே பொழுது சரியாக இருக்கும். யோசிக்க ஏது நேரம்?

அந்தச் சனிக்கிழமைதான் வண்டி முதல் தடவை நின்றது. பாதித் தூரம் நன்றாக வந்து, ஒரு மேட்டில் ஏறும்போது இருமியது, விக்கியது, அப்படியே அடங்கிவிட்டது. உதைத்து உதைத்து என் முழங்கால் விட்டுப்போனது. கொஞ்ச நேரம் சும்மா நின்றோம். திரும்ப உதைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நின்றது. இப்படி நின்று நின்று நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி தாண்டியிருந்தது. அவருக்குப் பின்னால் இன்னோர் ஆளுக்கு அந்த நாற்காலி. மிஸி, எங்கள் பக்கம் தாதியை அப்படித்தான் கூப்பிடுவோம், கையை விரித்தார். நாலு மணி நேரம் ஓட வேண்டிய மெஷினை இரண்டரை மணி நேரத்தில் கழற்றிவிட்டார்கள்.

மெஷின் எடுக்காத தண்ணீர் அவர் உடம்பிலேயே தங்கும். அவருக்கு மூத்திரம் போவது நின்று வருஷமாகிறது. குடிக்கிற ஒவ்வொரு மிடறும் காலில் இறங்கும், பிறகு நெஞ்சில் ஏறும். சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவே ஒரு நாள் கூடுதல் இடைவெளி வேறு.

ஞாயிறு முழுக்க வண்டியோடு மல்லுக்கட்டினேன். போன மாதம் காப்ரேட்டரைக் கழுவிப் பூட்டியது நான்தான். அதில்தான் ஏதோ பிசகு என்று எனக்குப் பட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்று சொல்லக் கூடாதல்லவா? கழற்றினேன், ஊதினேன், ஊசி போன்ற ஓட்டைகளில் செம்புக் கம்பி விட்டுத் துழாவினேன். பிளக்கை மாற்றினேன். அவர் நாற்காலியிலிருந்து, வயரைப் பார், காற்று வடிகட்டியைப் பார் என்று சொல்லிக்கொண்டிருந்தார். டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் அந்தப் பக்கம் போகவில்லை. ஒழுகாத டேப்பை யார் தொடுவார்கள்? வாசலில் நிறுத்தி ஓடவிட்டேன், பூனைபோல் உறுமியது. தாமானை இரண்டு சுற்று சுற்றினேன், நிற்கவில்லை. சரியாகிவிட்டது என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். அவர் கால் இரண்டும் செருப்புக்குள் நுழையாமல் இருந்ததைப் பார்த்துவிட்டு உள்ளே போனேன்.

திங்கள் அன்று படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தார். ஒரு பனிக்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு, தாகத்தை ஏமாற்றிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவோமா என்று கேட்டேன். நாளைக்கு மெஷின் இருக்கிறதே என்றார்.

செவ்வாய்க்கிழமை சீக்கிரமே கிளம்பினோம். வழியெல்லாம் என் காது இன்ஜினிலேயே இருந்தது. லோரிகள் உரசிக்கொண்டு போயின, நான் கவனிக்கவில்லை. பின்னால் அவர் மூச்சு வாங்குவது முதுகில் தெரிந்தது. இருபுறமும் செம்பனை, கடை கண்ணி எதுவும் இல்லாத இடத்தில், வண்டி இருமியது. வேண்டாம், வேண்டாம் என்று வாய்விட்டே சொன்னேன். நின்றுவிட்டது.

அவரை ஓரத்தில் இறக்கிவிட்டு, கருவிப் பையைத் தரையில் கொட்டினேன். அவர் மைல்கல்லில் உட்கார்ந்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"இன்னைக்கு விட்டுடுலா. திரும்பி வீட்டுக்குப் போலாம்."

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். நான் பிளக்கைக் கழற்றி உரசிப் பார்த்தேன். நெருப்புப் பொறி நன்றாகவே வந்தது.

அந்த நேரம் ஓர் இளந்தாரி பைக்கை நிறுத்தினான். தலைக்கவசத்தைக் கழற்றி, என்னை விட்டுவிட்டு நேரே அவரிடம், என்ன அண்ணே, ரோசாக்கா, வண்டி கெட்டுப்போச்சா என்று கேட்டான். கையில் ஸ்பானா வைத்திருப்பவள் நான், கேள்வி அவருக்கு. ஆனாலும் நல்ல பிள்ளை. விஷயத்தைச் சொன்னதும், நான் ஈப்போவுக்குத்தான் போறேன், அண்ணனை ஏத்திக்கிட்டுப் போய் விட்டுர்றேன் என்றான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்திருங்கள் என்று அவரைப் பார்த்தேன். அவர் அசையவில்லை. வேண்டாம் தம்பி, நீ கிளம்பு, இது சரியாயிடும் என்று அவனை அனுப்பிவிட்டார். நான் கத்துவதற்குள் அவன் கிளம்பியே போய்விட்டான்.

எனக்கு வந்தது கோபமா பயமா என்று பிரிக்கத் தெரியவில்லை. வண்டிக்குத் திரும்பினேன். காப்ரேட்டர் அடியில் உள்ள திருகைத் தளர்த்தினேன்; இரண்டு சொட்டு விழுந்து நின்றது. சீட்டைத் தூக்கி டாங்கிக்குள் பார்த்தேன்; பெட்ரோல் பாதிக்கு மேல் இருந்தது. மேலே நிறைய இருக்கிறது, கீழே வரவில்லை. அப்படியானால் அடைப்பு நடுவில்தான். தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் காலி செய்து டாங்கிக்கு அடியில் வைத்துவிட்டு, டேப்பில் ஸ்பானாவைப் பூட்டினேன்.

"அதைக் கழட்டாத" என்றார் அவர்.

ஏன் என்று கேட்டேன். ரோட்டைப் பார்த்தார். திரும்பக் கேட்டேன். அது சரியாகத்தான் இருக்கிறது, தான் மாற்றினது என்றார். நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வாசர் செய்து போட்டாராம். அதற்குப் பிறகு ஒழுகவே இல்லை, பார்த்தாய்தானே என்றார்.

கழற்றினேன். பெட்ரோல் என் முழங்கை வரை வழிந்தது, பாதிதான் பாட்டிலுக்குள் போனது. வாசர் கையில் வந்தது. அதை வாசர் என்று சொல்ல முடியாது. ஊறிய அப்பளம் மாதிரி கொழகொழவென்று உப்பி, நடுவில் இருந்த ஓட்டை கடுகளவுக்குச் சுருங்கிப்போயிருந்தது. ரப்பர் பெட்ரோலைக் குடித்தால் ஊதிவிடும். பேக்டரியில் மெஷின் ரிப்பேருக்கு வருபவர்கள் எங்கள் ரப்பர் கையுறையோடு பெட்ரோலில் சாமான் கழுவினால், விரல்கள் நீண்டு கோமாளிக் கை மாதிரி தொங்கும்; நாங்கள் பார்த்துச் சிரிப்போம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் அவருக்கு ரப்பர் என்றால் சந்தேகமே கிடையாது. குழாய் ஒழுகினால் டியூப் துண்டு, கதவு ஆடினால் டியூப் துண்டு, செருப்பு அறுந்தால் டியூப் துண்டு. தோட்டத்தில் பிறந்த எல்லார் வீட்டிலும் அப்படித்தான். வண்டி ஓடும்போது கடுகு ஓட்டையில் இறங்குவது போதாமல் இன்ஜின் பட்டினியில் நின்றுவிடும். நிறுத்தி வைத்தால் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து திரும்ப ஓடும். வாசலில் உறுமியதற்கும் ரோட்டில் செத்ததற்கும் அதுதான் காரணம்.

இவ்வளவும் புரிந்தபோது வேறொன்றும் சேர்ந்து மனதுக்குள் வந்தது. திரும்பிப் போலாம் என்றது. ஏற்றிப்போக வந்தவனை அனுப்பியது. ஞாயிறு முழுக்க எதிரே உட்கார்ந்திருந்தும் டேப்பைப் பற்றி வாய் திறக்காதது. மெஷினில் இருந்து சீக்கிரம் கழற்றிவிடும்படி அவர் மிஸியிடம் கெஞ்சிய நாட்கள். எல்லாம் ஒன்றாகக் கோத்துக்கொண்டது.

"வேணும்னே பண்ணியா? சொல்லு. போதும்னு ஆயிடுச்சா உனக்கு?"

கல்யாணமான நாளிலிருந்து நான் அவரை நீ என்று சொன்னதில்லை. எவ்வளவு சண்டையிலும் சொன்னதில்லை. அது வாயைவிட்டுப் போன பிறகுதான் எனக்கே கேட்டது. அவர் என் முகம் இருந்த திசையைப் பார்த்தார். மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார்.

"சாவணும்னா உன்னை எதுக்கு இந்த வெயில்ல நிக்க வைக்கணும்? வீட்டுலயே ரெண்டு ஜக்கு தண்ணி குடிச்சிட்டுப் படுத்திருப்பேன்லா. உன்னைத் தனியா இந்த ரோட்டுல விட்டுட்டு நான் எவன் பின்னாடியோ ஏறிப் போகணுமா?"

பிறகு, சொன்னால் நீ கத்துவாய் என்றுதான் சொல்லவில்லை என்றார். பெட்ரோல் வாசத்தில் நீ தூக்கத்தில் இருமிக்கொண்டிருந்தாய், ஒரு வேலையாவது செய்யலாம் என்று பார்த்தேன் என்றார். பேசினால் அழுதுவிடுவேன், அழுதால் பன்னிரண்டு மணி ஆகிவிடும்.

ஒரே வழிதான் இருந்தது. அந்த உப்பிய ரப்பரிலேயே ஓட்டையைப் பெரிதாக வெட்டிப் பூட்ட வேண்டும். ஈப்போ வரைக்குமாவது தாங்கும். பையில் பிளேடு கத்தி இருந்தது. ஆனால் என் கை நிற்கவில்லை. இரண்டு தடவை வைத்து இரண்டு தடவையும் வழுக்கியது. கொஞ்சம் தவறி வெளி விளிம்பு வரை வெட்டிவிட்டால் அதுவும் போச்சு. அவர் எழுந்து வந்து பக்கத்தில் குந்தினார். குடு என்று கையை நீட்டினார். ரத்தம், பனியன், கிளினிக் எல்லாம் என் கண் முன்னால் ஓடியது. ஆனாலும் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியாது.

கத்தியை வலது கையில் பிடித்தார். ரப்பரை விரலால் தடவித் தடவி ஓட்டையைத் தேடினார். முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார், தூரத்தில் பிடித்தார், வெயிலுக்கு நேராகப் பிடித்தார். கண் நன்றாக இருக்கிறது, வெளிச்சம்தான் போதவில்லை என்று இரண்டு வருஷமாக டாக்டரிடமும் என்னிடமும் சாதித்த மனிதர். கத்தியின் அலகை மடக்கி, பிடி என் பக்கம் இருக்கும்படி திருப்பிக் கொடுத்தார்.

"எனக்குத் தெரியலை. நீயே வெட்டு. அவசரப்படாத, நான் டேப்பைப் பிடிச்சிக்கிறேன்."

வெட்டினேன். எப்படி வெட்டினேனோ, கை நடுங்கவில்லை. அவர் டேப்பை விரலால் தடவி நேராக உட்கார வைத்தார், நான் இறுக்கினேன். பாட்டிலில் பிடித்ததை டாங்கியில் ஊற்றினேன். மூன்றாவது உதையில் வண்டி பிடித்தது. அவர் ஏறி உட்கார்ந்தார். எங்கே போக என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வண்டியின் மூக்கு ஈப்போவைப் பார்த்தபடிதான் இருந்தது.

போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டரை. எடை பார்க்கும் மேடையில் நிற்கவே அவரை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எடையைப் பார்த்த மிஸிக்கு முகம் மாறியது. இவ்வளவு தண்ணீரையும் ஒரே நாளில் இழுத்தால் இதயம் தாங்காது, பின்னால் ஆள் வேறு காத்திருக்கிறார், முடிந்தவரைதான் எடுக்க முடியும் என்று என்னிடம் சொன்னார். ஊசி குத்தினார்கள். ரத்தம் குழாயில் ஓட ஆரம்பித்தது. நான் பெட்ரோல் நாறும் கையோடு கால்மாட்டில் நின்றேன். வழக்கமாக இந்த நேரத்தில்தான் அவர் கெஞ்சலைத் தொடங்குவார், அரை மணி முன்னாலேயே விட்டுவிடு மிஸி, கால் இழுக்கிறது மிஸி என்று. இன்றும் வாயைத் திறந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"மிச்சத் தண்ணிய எடுக்க நாளைக்கு ஒரு தடவை வரவா, மிஸி? இடம் இருக்குமா?"

மிஸி அட்டவணையைப் பார்த்து, காலையில் ஒரு நாற்காலி காலி இருக்கிறது, சீக்கிரம் வர வேண்டும் என்றார். அவர் என் பக்கம் திரும்பினார். கேள்வியாகத்தான் பார்த்தார், வண்டி வருமா என்று. வரும் என்றேன். வெளியே வந்து, வண்டி நிறுத்துமிடத்தில் யாரும் பார்க்கிறார்களா என்றுகூடப் பார்க்காமல் நன்றாக அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, மெஷின் முடிவதற்குள் வாசர் வாங்க ஸ்பேர் பாட் கடை ஏதாவது திறந்திருக்கிறதா என்று தேடிப் போனேன்.